பிள்ளையின் மேலிருந்த வெள்ளை

நஸீரா மிஸ் காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியளவில் வந்தது. உப்புவெளியில் என் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தங்கையின் மகன் இர்பான், மூதூரில் ஆசிரியராக இருப்பவர். "அன்ரி, பெரியும்மா சுபஹுக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "இரத்தத்தில என்ன கிருமி வளந்ததாம்?" என்பது. கேட்டு முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் இர்பான் திகைக்கவில்லை. "கிளெப்சியெல்லா எண்டு எழுதியிரிக்கி. அந்த சிஸ்டர் கேப்பாங்க, மறக்காமச் சொல்லு எண்டு பெரியும்மாதான் சொல்லி வெச்சாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் சின்ன யன்னலுக்கு அப்பால் ஒரு முகமாக மட்டுமே கண்டிருப்பீர்கள். பழுப்பு முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, நீட்டிய போத்தலை அப்படியே திருப்பித் தரும் கை. பெயர் எழுதாத இரத்த மாதிரியை அவர் வாங்கமாட்டார். எடுத்த நேரம் எழுதாததையும் வாங்கமாட்டார். பெரிய வைத்தியர் நேரில் வந்து கெஞ்சியும் வாங்காமல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஒரு தடவை எங்கள் பிரசவ விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, தன் பெயருக்குப் பதிலாக அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் கதையைத் தொடங்கினார். எடுத்தவள் நான். எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் கிருமிகளை வளர்த்துப் பெயர் சொல்பவர். நான் அதே ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதியில் இருபத்தாறு வருடங்கள் தாதியாக இருந்தவள். எங்களுக்குள் முதலில் இருந்தது சண்டைதான்.

விடுதியில் பிறந்த பிள்ளைகள் சிலருக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் சீழ்க்கொப்புளம் போட்ட ஒரு காலம். பஞ்சுக் குச்சிகளோடு நஸீரா மிஸ் மேலே ஏறி வந்தார். வந்தவர், பிள்ளைகளை எப்படிக் குளிப்பாட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் கையால் குளித்த பிள்ளை தனியாகத் தெரியும் என்று ஊரே சொல்லும். பிறந்து அரை மணித்தியாலத்துக்குள் நீலப் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, சவர்க்காரம் போட்டு, பிள்ளையின் மேல் அப்பியிருக்கும் அந்த வெள்ளைப் பிசுக்கை மடிப்பு மடிப்பாக வழித்து எடுப்பேன். அதோடு பிள்ளையை வெளியே கொடுத்தால் சனம் தாதியைத்தான் குறை சொல்லும். மாமியார்மார் சிலர் அதைக் கண்டால் மருமகள் அளவுக்கு மீறித் தயிர் தின்றிருக்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். கடைசி மடிப்பு வரை பார்த்துக்கொண்டு நின்ற நஸீரா மிஸ், "நல்லாக் கழுவுறீங்க சிஸ்டர். கிருமிக்கு நல்ல வசதி" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மிஸ், நீங்கள் கோப்பையில வளக்கிற ஆள். நான் கையில பிடிக்கிற ஆள். பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல வராதேங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் பஞ்சுக் குச்சிகளைக் குழாய்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சில நாட்கள் கழித்து, நல்ல மழை பெய்த ஒரு பின்னேரம், ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள தாழ்வாரத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகாட்டிக் கூப்பிட்டார். வாய்க்கால் விளிம்பில் ஒரு தவளை. "இந்த ஊத்தத் தண்ணிக்குள்ளதான் இதுட சீவியம். மேலெல்லாம் ஈரத் தோல். அழுகாம எப்படி இரிக்கி எண்டு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டார். நான் தவளையைப் பற்றி யோசிக்கிற ஆள் அல்ல என்றேன். அவர் சிரித்தார். பிறகு சொன்னதை என் சொல்லில் தருகிறேன். பிழையிருந்தால் அது என்னுடையது.

உடம்பு நோயை எதிர்க்கிறது என்றால் நாங்கள் தடுப்பூசியையும் பிறபொருளெதிரியையும் நினைப்போம். அவை கிருமியைக் கண்டு, அடையாளம் பிடித்து, ஆயத்தமாக நாட்கள் செல்லும். அதுவரை ஆர் காப்பது? தோல், கண்ணீர், எச்சில், குடல், வெள்ளைக் குருதிக்கலங்கள் எல்லாம் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைச் செய்து வைத்திருக்கின்றன. பெப்டைட்டு என்று பெயர். அவை கிருமியைப் பார்த்துப் பழகியிருக்கத் தேவையில்லை. அவற்றில் நேர்மின்னேற்றம். பக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர்மின்னேற்றம். அதனால் போய் ஒட்டிக்கொள்ளும், சவ்வுக்குள் நுழையும், ஓட்டை போடும். ஓட்டை விழுந்த வள்ளத்தின் கதிதான் கிருமிக்கு. தவளையின் தோலில் அது நிறைய உண்டு. எங்கள் தோலிலும் உண்டு. பிறந்த பிள்ளையின் மேலிருக்கும் அந்த வெள்ளைப் பிசுக்கிலும் உண்டு.

"அப்ப அது எங்கட உடம்பிலயும் ஓட்டை போடாதோ?" என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கேள்வி என்று சொல்லி, எங்கள் கலங்களின் வெளிப்பக்கத்தில் அந்த மின்னேற்றம் பெரிதாக இல்லை, கொலஸ்திரோல் கலந்திருப்பதால் சவ்வும் இறுக்கம், ஆனாலும் அளவு மீறினால் எங்களையும் சுடும் என்றார். "அப்ப அந்த வெள்ளை இருந்தா ஒரு பிள்ளைக்கும் நோய் வருத்தம் வராது எண்டுறீங்கள்?" "அப்படிச் சொல்லேலாது சிஸ்டர். தவளைக்கும் வருத்தம் வரும். தெரிஞ்சதச் சொல்லுவம். தெரியாததத் தெரியாது எண்டு சொல்லுவம். ரெண்டையும் கலந்தா அது ரிப்போர்ட் இல்ல, வதந்தி."

அந்த மாதமே குழந்தை வைத்தியரைச் சந்தித்துக் கதைத்து, முதல் நாள் குளிப்பாட்டுவதில்லை, இரத்தத்தை மட்டும் துடைத்துவிட்டுத் தாயின் நெஞ்சில் போடுவது என்று விடுதியில் எழுதி ஒட்டவைத்தார். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். நான் பொறுப்பில் இருந்த நேரங்களில் மற்றத் தாதிமார் அப்படியே செய்தார்கள். நானும் பெரும்பாலும் அப்படியே செய்தேன்.

பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறான்.

இறக்கக்கண்டியிலிருந்து ரஜனி என்றொரு பெண். எட்டாம் மாதம், இரத்த அழுத்தம் ஏறி, அவசரமாகச் சத்திரசிகிச்சை. தாய் மயக்கத்தில் இருந்தாள். பிள்ளை சின்னன், ஆனால் நன்றாக அழுதான். மேலே சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்கு எடுத்துச் செல்ல ஆயத்தம் நடந்த இடைவெளியில், கதவடியில் நின்ற புருஷன் வீட்டாருக்கு அவனைக் காட்டினேன். உடம்பு முழுக்க வெள்ளை, அவ்வளவு தடிப்பு. ரஜனியின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், பிள்ளை இப்பிடி ஊத்தையா இருக்கு?" என்றார். ஊத்தை என்ற சொல் எனக்குச் சுட்டது. என் விடுதியில், என் கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து அப்படி ஒருவர் சொல்வதா? ஐந்து நிமிட வேலை. சுவரில் ஒட்டியிருந்த கடதாசிக்கு முன்னால்தான் நீலப் பேசினை எடுத்தேன். பளிச்சென்று கழுவித் துடைத்துக் காட்டினேன். மாமியார் திருப்தியோடு போனார்.

நான்காம் நாள் பிள்ளை இறந்தான். இரத்தத்தில் சூடோமோனாஸ் வளர்ந்திருந்தது. ஈரமான இடங்களில் குடியிருக்கும் கிருமி அது. அடுத்த கிழமை விடுதியிலிருந்த பேசின்கள் எல்லாவற்றையும் எடுத்துச் சென்றார்கள். பழசாகிவிட்டன என்று எங்களுக்குச் சொன்னார்கள். நான் ஆய்வுகூட யன்னலுக்குப் போனேன். "மிஸ், நான் கழுவினதாலயா?" என்று கேட்டேன். நஸீரா மிஸ் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்தார். "தெரியாது சிஸ்டர்" என்றார்.

அந்த மனிசி தெரியாது என்று சொன்னால் அது தெரியாதுதான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தேன். இடையில் இரண்டு மூன்று தடவை திரும்பவும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது.

அந்த வருடங்களில்தான் எங்களுடைய சிநேகிதம் வளர்ந்தது. நோன்பு காலத்தில் மூதூரிலிருந்து பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்து தருவார். மூன்று பாலம் தாண்டி வந்த கஞ்சி என்று சொல்லித்தான் தருவார். நானோ விடுதியில் எல்லோரையும்விட மோசமான ஆளாகிவிட்டேன். பிள்ளையைக் கழுவித் தாருங்கோ என்று எந்த மாமியாராவது வாயெடுத்தால் சண்டைக்குப் போய்விடுவேன். ஒரு நாள் நான் கத்தியது ஆய்வுகூடம் வரை கேட்டதாம். "சிஸ்டர், உங்கட சத்தத்துக்கே கிருமி செத்திரும். பெப்டைட்டு தேவையில்ல" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்தார். சிரிப்பு இலேசில் வராத மனிசி, என்னைச் சிரிக்க வைப்பதற்கு மட்டும் எப்படியோ நேரம் கண்டுபிடிப்பார். நான் ஓய்வு பெற்ற பிறகும் கிழமைக்கு ஒரு தடவையாவது கதைக்காமல் இருந்ததில்லை.

பிறகு அவருக்கு இரத்தப் புற்று என்று தெரியவந்தது. கீமோ இரண்டாம் தடவை ஏற்றிய பின் மூதூர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். முகக்கவசம் போட்டு, கை கழுவி, அறையின் அந்தத் தொங்கல் மூலையில் கதிரை போட்டு இருந்தேன். வாயெல்லாம் புண். மெதுவாகத்தான் கதைக்க ஏலும். அப்போதும் தன்னுடைய உடம்பை ஆய்வுகூடத்துக்கு வந்த மாதிரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். "வெள்ளக் கலம் எல்லாம் விழுந்திட்டு. அதுக்குள்ளதான் அந்தத் துண்டுகள் நிறைய இரிக்கிற. வாயிலயும் குடல்லயும் தோல் உரிஞ்சி போச்சு, அங்கயும் காவல் இல்ல. இனி வெளியில இருந்து ஒண்டும் வரத் தேவையில்ல சிஸ்டர். இவ்வளவு நாளும் என்ர குடலுக்குள்ள சும்மா இருந்ததுகளே போதும்" என்றார். கிளெப்சியெல்லா குடலில் குடியிருக்கிற கிருமிதான். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

நான் வேறு கதைக்கு மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"இறக்கக்கண்டிப் புள்ள" என்றார்.

நான் முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீங்க யன்னலடிக்கு வந்து கேட்ட நேரம் ரிப்போர்ட் என்ர மேசையில இருந்திச்சு. பேசின்ல வளந்ததும் புள்ளட இரத்தத்தில வளந்ததும் ஒரே கிருமி. எந்த மருந்துக்குச் சாகும், எதுக்குச் சாகாது எண்டதும் அச்சொட்டா ஒத்துப் போச்சு. அதாலதான் மௌத்தாச்சு எண்டு இப்பவும் நான் எழுதமாட்டன். எட்டு மாசப் புள்ள, ஊசி போட்டிரிந்த, கிருமி உள்ள போக வேற வழியும் இரிக்கி. ஆனா தெரியாது எண்டு நான் சொன்னது பொய். எனக்குப் பாதி தெரியும்."

"ஏன் மிஸ் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க வேலைய உட்டிருப்பீங்க. அந்த நேரம் உங்களப் போல கை உள்ள ஆள் அந்த விடுதியில வேற இல்ல. நான் பயந்திட்டன்."

"பன்னிரண்டு வருஷம், மிஸ். நான் கேட்டுக் கேட்டு வந்தனான். அந்தத் தாய்க்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லயில்ல. அது என்ர பிழ. உங்கட பிழய விடப் பெரிசு" என்றார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். போய்வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. சாகக் கிடக்கிற ஒருவரிடம் அப்படி நடந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்காக எழுதாமல் விட ஏலாது. பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம். அறிந்தே அந்தப் பேசினை எடுத்தவள் நான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பிழையைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை என்று இன்னொருவர் முடிவெடுத்ததை என்னால் பொறுக்க ஏலவில்லை. மூன்று கிழமை நான் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. நான்காம் கிழமைதான் இர்பானின் அழைப்பு வந்தது.

ஜனாஸாவுக்குப் போனேன். பெண்களோடு உள்ளே இருந்தேன். அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா உங்களிட்ட ஒரு விசயம் சொல்லணும், சொல்லணும் எண்டே இருந்தாங்க. சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். "ஓம், சொல்லிப்போட்டா" என்றேன். அந்தத் தங்கை ஆறுதலாக மூச்சுவிட்டார். நான் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து இறக்கக்கண்டிக்குப் போனேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் வீட்டைக் காட்டித்தந்தார். ரஜனி முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு பெண் பிள்ளைகள் என்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை. கதிரை கொண்டுவந்து வைத்தாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். முதல் பிள்ளையை நான் குளிப்பாட்டினேன், குளிப்பாட்டியிருக்கக் கூடாது, அந்தப் பேசினில் இருந்த கிருமியும் பிள்ளையின் இரத்தத்தில் இருந்த கிருமியும் ஒன்று, அதனால்தான் என்று முழுதாகச் சொல்ல ஏலாது, ஆனால் அது ஒரு வழி. நஸீரா மிஸ் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். என் பங்கில் ஒன்றையும் குறைக்கவில்லை.

ரஜனி குனிந்து இன்னும் இரண்டு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். ஏசுவாள், படலையைக் காட்டி வெளியே போ என்பாள் என்று நின்றேன்.

"ஏன் குளிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.

"மேலெல்லாம் வெள்ளையா இருந்தது. ஊத்தை எண்டு உங்கட மாமி சொன்னவ. எனக்கு ரோசம் வந்திட்டுது."

"மாமி இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவ" என்றாள். "நான் என்னத்தையோ திண்டு, பிள்ளையை ஊத்தையோட பெத்தபடியாத்தான் அவன் தங்கேல்ல எண்டு. இவளவையைச் சுமந்த நேரமும் நான் தயிர் தொடேல்ல சிஸ்டர். பயத்தில ஒண்டுமே வாயில வைக்கேல்ல."

நான் அப்போதுதான் கதிரையில் இருந்தேன். தவளையின் கதையை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அது ஊத்தை இல்லை, பிள்ளையின் தோலே வயிற்றுக்குள் செய்து பூசிக்கொண்டு வருவது, அதற்குள் கிருமியைக் கொல்லுகிற சாமான் இருக்கிறது, எட்டாம் மாதத்தில் வந்தும் அவன் மேல் அது தடிப்பாக இருந்தது, அவள் தின்றதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் முடித்த பிறகு, "நான் அவனைக் காணேல்ல சிஸ்டர். எனக்கு நினைவு வரேக்குள்ள மேல கொண்டு போயிட்டினம். பிறகு துணியில சுத்தித்தான் தந்தவை" என்றாள்.

அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலை நிறைய மயிர். ஒரு காது மடிந்திருந்தது. என் விரலைப் பிடித்தான். சத்தமாக அழுதான்.

நஸீரா மிஸ்ஸை அறிந்தவர்களே, ஒருவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதுதான் முறை. அந்த முறை அவருக்குப் பொருந்தாது. பாதி தெரிந்தால் அந்தப் பாதியையாவது உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதை, பிந்தியென்றாலும், வாய்ப்புண்ணோடு எனக்குச் சொல்லித்தந்துவிட்டுத்தான் அவர் போனார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். கோபமும் இருக்கிறது. அது போனால் அவரும் போய்விடுவார் போல ஒரு பயம், அதனால் அதையும் வைத்திருக்கிறேன்.

ரஜனி படலை வரை கூட வந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படலையைத் திறந்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அவன் துப்பரவாத்தான் வந்தவன், என்ன சிஸ்டர்?"

"ஓம் பிள்ளை" என்றேன். "துப்பரவாத்தான் வந்தவன்."